ஆளில்லா வளவுக்கு யார் பொறுப்பு?

கண்டி நகரிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், தென்னக்கும்புரப் பாலத்தால் மகாவலி கங்கையைக் கடந்து சிறிது தூரம் சென்றால் குண்டசாலை வரும். அதற்கப்பால் வருவது பல்லேகல. சிங்கள மொழியில் 'பல்லே' என்றால் கீழ். 'கெலே' என்றால் காடு. கீழ்க்காடு என்று பெயர் பூண்ட அவ்வூரில் இன்று காட்டைக் காண்பது அரிது. முதலீட்டுச் சபையின் கைத்தொழிற் பேட்டை அங்கே இருக்கிறது. மத்திய மாகாண சபையின் கட்டடங்கள் இருக்கின்றன. 2009ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்ட சர்வதேசக் கிரிக்கெட் மைதானம் இருக்கிறது. கண்டி நகரின் நடுவே இருந்த போகம்பரைச் சிறைச்சாலை 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டபோது, அங்கிருந்த கைதிகள் கொண்டு செல்லப்பட்டதும் பல்லேகலையில் எழுந்த தும்பறைச் சிறைச்சாலைக்கே.

கண்டி மாநகர் மூன்று பக்கம் ஆற்றாலும் எப்பக்கமும் குன்றுகளாலும் நெருக்குண்ட நகரம். தலதா மாளிகையையும் வாவியையும் சுற்றியுள்ள பழைய நகர் 1988இல் உலக மரபுரிமைத் தலமாக ஏற்கப்பட்டபின், அங்கே ஒரு செங்கல்லை மாற்றி வைப்பதற்கும் அநுமதி வேண்டும். ஆகவே, பெரிதாக எதையேனும் கட்ட வேண்டிய போதெல்லாம் அதிகாரிகளின் பார்வை ஆற்றுக்கு அப்பாலே திரும்பியது. அங்கே கேட்பாரற்ற தோட்டக் காணி கிடந்தது. பணத்தைச் சேமித்து வைத்திருப்பவர் வேண்டும்போது சிறிது சிறிதாக எடுத்துச் செலவிடுவது போல, கண்டி நகர் பல்லேகலக் காணியை எடுத்துச் செலவிட்டு வந்திருக்கிறது. அந்தச் சேமிப்புக்கு ஒரு பெயருமில்லை; எவரும் திறந்து பார்க்கத்தக்க கணக்கேடும் இல்லை.

செலவிட்ட கணக்கு ஒருபுறமிருக்க, மற்றொரு கணக்கும் உண்டு. பல்லேகலைக்கு ஒன்று பெயர்ந்தால் கண்டியில் ஒன்று வெறுமையாகிறது. 1876இல் கட்டப்பட்ட போகம்பரைச் சிறைக்கூடம் நகரின் இருதயத்திலே, புகையிரத நிலையத்துக்கும் சந்தைக்கும் கூப்பிடு தூரத்தில், உயர்ந்த மதிலோடு நிற்கிறது. அதனை உல்லாசப் பயணிகளுக்குரிய இடமாக்கும் யோசனைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூறப்பட்டன. 2020இல் கொவிட் நோய் பரவிய காலத்தில், கைதிகளைத் தனிமைப்படுத்தி வைக்க அதே கட்டடம் மீண்டும் உதவியது. நகரின் விலை மதிப்புள்ள நிலம் இவ்வாறு ஆண்டுக்கணக்காக உறங்கிக் கிடப்பதைப் பார்ப்பவருக்கு, இதனை எழுப்ப வேண்டியவர் யார் என்ற கேள்வி எழாமற் போகாது.

இக்கேள்விக்கு மேல்நாட்டு நகரங்கள் சில ஒரு விடையைத் தேடிக்கொண்டன. அதற்கு அவர்கள் இட்ட பெயர் காணி வங்கி.

கடன் கொடாத வங்கி

பெயரைக் கேட்டதும், காணியை ஈடு வைத்துக் கடன் பெறும் வங்கி என்று வாசக நேயர்கள் எண்ணக்கூடும். அத்தகைய வங்கி நமக்குப் புதிதன்று. இலங்கையிலே 1931இல் அரச ஈட்டு வங்கி தோன்றியது. நாம் இங்கு கூறுவது வேறு. காணி வங்கியில் வைப்பிலிடப்படுவது காணியே. ஒரு நகரத்திலோ மாவட்டத்திலோ கைவிடப்பட்ட வீடுகளையும் வெறும் வளவுகளையும் சட்டப்படி தன் பெயருக்கு ஏற்று, அவற்றின் மீதுள்ள பழைய வரிப் பாக்கி, ஈடு, வழக்கு முதலிய சிக்கல்களைத் தீர்த்து உறுதியைத் துப்புரவாக்கி, இடிக்க வேண்டியதை இடித்து, திருத்த வேண்டியதைத் திருத்தி, பயன்படுத்துவோர் கையில் ஒப்படைக்கும் பொதுத் தாபனமே காணி வங்கி.

இதில் கடினமான பகுதி இடிப்பதுமன்று, கட்டுவதுமன்று, உறுதியைத் துப்புரவாக்குவதுதான். ஒரு வீட்டின் சொந்தக்காரர் இறந்துவிட்டார். பிள்ளைகள் ஊரை விட்டுப் போய்விட்டனர். வரி பத்தாண்டு பாக்கி. வரியும் ஈடும் சேர்ந்து வீட்டின் விலையை விஞ்சி நிற்கின்றன. அதை வாங்க எவர் வருவார்? வருபவர் வீட்டில் வாழ வருவதில்லை. நாளை விலை ஏறும் என்று எண்ணி வாங்கிப் பூட்டி வைப்பவரே வருவார். கூரை விழும், செடி முளைக்கும், அயலவர் தம் வீட்டையும் விற்க முடியாமல் திண்டாடுவர். கெட்ட பல் ஒன்றைப் பிடுங்காமல் விட்டால் பக்கத்துப் பல்லும் கெடுவது போன்றதே இது.

இந்நோய் முற்றிய ஊர்களில் ஒன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள பிளின்ற் நகர். ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனி 1908இல் பிறந்த ஊர் அது. 1960இல் அங்கு ஏறக்குறைய இரண்டு இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். மோட்டார்த் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட, மக்களும் வெளியேறினர். 2020இல் எஞ்சியோர் எண்பத்தோராயிரத்துச் சொச்சம். மக்கள் போகும்போது வீட்டைச் சுருட்டி எடுத்துச் செல்ல முடியாதல்லவா? தெருத் தெருவாக வீடுகள் அநாதையாயின.

முன்பு அம்மாநிலத்தில் வரி கட்டாத வீட்டின் வரிப் பாக்கியைத் தனியாருக்கு ஏலம் விடுவது வழக்கம். அவ்வழியில் ஒரு வீட்டின் உரிமை தீர்வதற்கு நான்கு முதல் ஏழு ஆண்டுகள் வரை சென்றன. அதற்குள் வீடு வீடாக இராது. 1999இல் நிறைவேறிய சட்டம் ஒன்று அந்த ஏல முறையை ஒழித்து, காலத்தை இரண்டு மூன்று ஆண்டுகளாகக் குறைத்தது. அதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு, பிளின்ற் நகர் அடங்கிய ஜெனசி மாவட்டத்தின் பொருளாளராயிருந்த டான் கில்டி என்பவர் 2002இல் காணி வங்கி முயற்சியைத் தொடங்கினார். பின்னர் மாநிலம் அதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றியது.

அவ்வங்கி செய்த காரியங்களில் நம் மனத்தைக் கவர்ந்தவை சிறியவையே. இடிந்த வீட்டை அகற்றியபின் எஞ்சும் துண்டு நிலத்தை ஏலத்தில் விடாமல், பக்கத்து வீட்டுக்காரருக்குப் பெயரளவான விலைக்குக் கொடுத்தனர். அவர் அதில் தோட்டம் வைத்தார். பிள்ளைகள் விளையாட வேலி அடைத்தார். நிலத்துக்கு ஒரு காவலாள் செலவின்றிக் கிடைத்தான். விற்க முடியாத வளவுகளைத் துப்புரவாக வைத்திருக்க, தெரு மக்களின் சங்கங்களுக்கும் தேவாலயக் குழுக்களுக்கும் சிறு தொகை கொடுத்துப் புல் வெட்டுவித்தனர். விற்றுப்போன வீட்டுக்கு வாங்கியவர் கட்டும் வரியில் பாதி, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு வங்கிக்கே சேரும் என்று சட்டம் ஏற்பாடு செய்தது. ஆதலால் நல்ல வீட்டை விற்ற வருமானம் கெட்ட வீட்டை இடிக்க உதவிற்று. மாவட்டம் முழுவதையும் ஒரே வங்கி ஆண்டதால், வளமுள்ள புறநகரின் வருவாய் வறிய நகருக்குப் பாய வழி உண்டாயிற்று.

இந்தக் கடைசிக் குறிப்பை மாணவ நேயர்கள் மனத்தில் இருத்துக. கண்டி நகர் மாநகர சபையின் ஆட்சியிலும், பல்லேகல குண்டசாலைப் பிரதேச சபையின் ஆட்சியிலும் இருக்கின்றன. நகரின் பாரத்தைச் சுமப்பது ஒரு சபை. நகரில் வெறுமையாகும் இடத்தைப் பார்த்திருப்பது மற்றொன்று.

வங்கியே வளவுக்காரனானால்

மேல்நாட்டில் நடப்பதெல்லாம் பொன் என்று சொல்ல நாம் வரவில்லை. அமெரிக்காவின் முதற் காணி வங்கி சென் லூயிஸ் நகரில் 1971இல் தோன்றியது. வாங்குவார் இல்லாத காணிகள் அதன் கையில் மலைபோற் குவிந்தன, குவிந்தவை கிடந்தன. டெட்ரோயிட் நகரின் வங்கி 2008இல் தொடங்கி, ஒரு கட்டத்தில் ஏறத்தாழ ஒரு இலட்சம் துண்டுக் காணிகளை வைத்திருந்தது. ஊரிலுள்ள பாழ் வளவுகளைத் தீர்க்கப் பிறந்த தாபனமே ஊரின் மிகப் பெரிய பாழ்வளவுக்காரனாயிற்று. தன் வளவுகளுக்குப் புல் வெட்டவே அதற்கு ஆள் போதவில்லை என்று நகர மக்கள் குறைபட்டனர்.

வேறோர் ஆபத்தும் உண்டு. வரிப் பாக்கிக்காக வீட்டை எடுக்கும் அதிகாரம் கூரிய கத்தி. மினசோட்டா மாநிலத்தில் முதிய மாது ஒருவர் கட்டத் தவறிய வரியும் தண்டமும் சேர்ந்து பதினையாயிரம் டொலர் ஆயிற்று. அதற்காக அவருடைய வீட்டை நாற்பதினாயிரம் டொலருக்கு விற்ற மாவட்ட நிருவாகம், மிகுதி இருபத்தையாயிரத்தையும் தானே வைத்துக்கொண்டது. தொண்ணூற்று நான்கு வயதில் அவர் வழக்கு உயர்மட்ட நீதிமன்றம் வரை சென்றது. மிகுதிப் பணம் சொந்தக்காரருக்கே உரியது என்று அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் 2023இல் ஒருமனதாகத் தீர்த்தது. காணி வங்கியை விரும்புவோரும் இத்தீர்ப்பை வரவேற்க வேண்டியவர்களே. ஏழையின் வீட்டைப் பறிப்பதற்கும் கேட்பாரற்ற வீட்டை ஏற்பதற்கும் இடையிலுள்ள கோடு அழிந்துவிடலாகாது.

ஜப்பானியர் கைக்கொண்ட வழி மென்மையானது. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் ஆளில்லா வீடுகள் ஏறக்குறைய தொண்ணூறு இலட்சம். கிராமங்களில் இளைஞர் இல்லை. முதியோர் இறந்தபின் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அங்கே ஊராட்சிகள் பல, வெறும் வீடுகளின் பட்டியலை வைத்து, வாங்க விரும்புவோரையும் விற்க விரும்புவோரையும் சேர்த்து வைக்கின்றன. அதற்கும் வங்கி என்றே பெயர். ஆனால் அது பட்டியல் மாத்திரமே. வீட்டைத் தன் பெயருக்கு அது ஏற்பதில்லை. நம் நாட்டிலும் அரச அலுவலகங்களில் காணி வங்கி என்ற பேச்சு எழும்போது, பெரும்பாலும் கருதப்படுவது இத்தகைய பட்டியலே.

கீழ்க்காட்டின் பழங்கதை

உண்மையைச் சொன்னால், யாருமற்ற நிலத்தை ஒரு கையில் சேர்த்துப் பங்கிடும் வேலை இலங்கைத் தீவுக்குப் புதிதன்று. ஆங்கிலேயர் 1840இல் ஒரு கட்டளைச் சட்டம் பிறப்பித்தனர். காடாகவோ தரிசாகவோ ஆட்சியின்றியோ கிடக்கும் காணியனைத்தும், மறுதலை நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியது என்றே கொள்ளப்படும் என்பது அதன் சாரம். சேனைப் பயிர் செய்து, பின் சில ஆண்டுகள் காடாக விட்டு, மீண்டும் செய்து வந்த கண்டி நாட்டு விவசாயியிடம் உறுதிப் பத்திரம் ஏது? அவன் பாட்டன் காலத்துக் காடு ஒரே நாளில் வெற்றுக் காணியாயிற்று. அதனை ஏக்கர் ஐந்து சிலிங் வீதம் விற்றனர். 1844இல்தான் விலை ஒரு பவுணாக உயர்ந்தது. வாங்கியவர்களில் அரச உத்தியோகத்தரும் பலர் இருந்தனர். பட்டியல் எழுதுபவனே வாங்குபவனும் ஆனால் விலை எப்படி இருக்கும் என்பதை நாம் விரித்துரைக்கத் தேவையில்லை.

பல்லேகலையும் அக்காலத்துத் தோட்டமே. ஜமேய்க்காத் தீவில் கோப்பிச் செய்கையைக் கற்று 1837இல் இலங்கைக்கு வந்த ரொபர்ட் போய்ட் டைட்லர் என்ற துரையின் பெயர் அதனோடு இணைந்தது. தும்பறைப் பள்ளத்தாக்கில் கோப்பிக்கு அடுத்துக் கொக்கோவைப் பயிராக்கிய முன்னோடியும் அவரே. அத்தோட்டங்களில் உழைத்தவர்கள், அரிப்பிலும் தலைமன்னாரிலும் கரையேறி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கால்நடையாக மலைக்கு வந்த தமிழ் மக்கள். 1869இல் கோப்பி இலையில் செந்நோய் கண்டது. இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேற் பரந்திருந்த கோப்பி, பதினைந்து இருபது ஆண்டுகளில் அழிந்தது. 1884இல் ஒரியண்டல் வங்கி முறிந்தது. தோட்டத்தை விட்டுக் கப்பலேறிய துரைமாரும் உண்டு. கைவிடப்பட்ட சொத்து என்னும் பிரச்சினையை மலைநாடு அப்போது கண்டது. தேயிலை வந்து அதைத் தீர்த்தது. திட்டமிட்டு எவரும் தீர்க்கவில்லை.

அடுத்த பெரிய சேமிப்பு 1972இல் நிகழ்ந்தது. அவ்வருடத்துக் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு ஐம்பது ஏக்கர் என்றும், நெற்காணியாயின் இருபத்தைந்து ஏக்கர் என்றும் வரம்பு கட்டியது. 1975ஆம் ஆண்டுத் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் எடுத்தது. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய பத்து இலட்சம் ஏக்கர் காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவின் கையில் வீழ்ந்தது. பெயர் வேறானாலும், உலகின் பெரிய காணி வங்கிகளில் ஒன்றாக அதனைச் சொல்லலாம்.

அதன் கணக்கேட்டில் ஒரு பகுதியார் பெயர் இல்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளருக்கு, அந்நிலத்தைக் கேட்கும் தகுதி இல்லாது போயிற்று. கண்டிப் பகுதியில் பல தோட்டங்கள் 'உசவசம' என்ற சபையிடம் ஒப்படைக்கப்பட்டுத் துண்டாடப்பட்டபோது, நான்கு தலைமுறையாக அங்கே உழைத்தவர்கள் லயத்தை விட்டு வெளியேற்றப்பட்டனர். 1973, 1974ஆம் ஆண்டுகளின் பட்டினி அவர்களைக் கண்டி நகரின் தெருக்களில் கையேந்த வைத்தது. வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் துரத்தியது. 1977 மே மாதத்தில், நுவரெலியா மாவட்டத்தில் ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியைப் பங்கிடுவதை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில், டெவன் தோட்டத்துச் சிவனு லட்சுமணன் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்.

ஆதலால், காணி வங்கி என்றவுடன் மலைநாட்டுத் தமிழ்க் குடும்பமொன்று மகிழ்வதா அஞ்சுவதா என்று தயங்கினால், அதற்குச் சரித்திரக் காரணம் உண்டு. வெறும் காணி என்று பட்டியலில் எழுதுகிறவர், அக்காணியில் நிற்கும் மனிதரைக் கண்டாரா என்பதே முதற் பரீட்சை.

அணையால் ஊர் பெயர்ந்தவர்களுக்கும் இந்த வட்டாரம் இடம் கொடுத்திருக்கிறது. 1985 ஏப்ரலில் திறக்கப்பட்ட விக்டோரியா அணை பழைய தெல்தெனியா நகரை விழுங்கிற்று. மக்களில் ஒரு பகுதியினர் மகாவலியின் கீழ்ப்பகுதிக் குடியேற்றங்களுக்குச் சென்றனர். மற்றொரு பகுதியினர் அருகிலேயே திகன, குண்டசாலைப் பக்கத்தில் முன்னாள் தோட்ட நிலங்களில் வீடமைத்தனர். கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய நகரின் சுவர்கள் வெளித்தோன்ற, அங்கே பிறந்தவர்கள் பேரப் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுவதுண்டு.

ஏழு பேர்ச்

இன்றைய நிலை என்ன? 1992இல் பெரும்பாலான தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பனிகளுக்குப் போயிற்று. மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவைத் தோட்டக் கம்பனி ஆகியவற்றின் கையில் எஞ்சியவற்றுட் பல கண்டி, மாத்தளை மாவட்டங்களில் உள்ளன. அவற்றில் பராமரிப்பற்ற மலைகளைக் காணலாம்: கொழுந்து பறிக்காத தேயிலை மரமாக ஓங்கி, மானாப் புல் மண்டி, காட்டுப் பன்றிக்குப் புகலிடமாகியிருக்கும். அம்மலையின் அடிவாரத்தில் கூரைத் தகரம் துருப்பிடித்த லயம் நிற்கும். ஒரே அறையில் ஒரு குடும்பம். அறையின் உறுதி அவர்களிடம் இல்லை.

நாடற்றோர் என்ற சொல் 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் மறைந்துவிட்டது. காணியற்றோர் என்ற சொல் மறையவில்லை. அண்மைக் காலத்துத் தோட்ட வீடமைப்புத் திட்டங்கள் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்ற அளவில் நடைபெற்றன. இந்திய அரசின் உதவியால் நாலாயிரம் வீடுகளுக்கான திட்டம் நடந்தது. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த பிரதமர் நரேந்திர மோடி மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். வீட்டுக்குப் பணம் கிடைத்தாலும், நிலத்தை விடுவிப்பதே வில்லங்கமாயிற்று. குத்தகைக் கம்பனி சம்மதிக்க வேண்டும். நில உரிமை அரச தாபனத்திடம் இருக்கும். மண்சரிவு அபாயம் இல்லை என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்ல வேண்டும். அளவையாளர் வர வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு காத்திருப்பு.

சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கர் 160 பேர்ச். பாதைக்கும் வடிகாலுக்கும் மரத்துக்கும் மூன்றிலொரு பங்கை விட்டாலும், ஏழு பேர்ச் வீதம் பதினைந்து குடும்பத்துக்கு இடமுண்டு. நூறு ஏக்கர் கைவிடப்பட்ட தேயிலை மலை, சரிவு குறைந்ததாயின், ஆயிரத்தைந்நூறு குடும்பத்துக்கு வளவாகும். பத்து இலட்சம் ஏக்கரைக் கையேற்ற ஒரு நாட்டுக்கு இது பெரிய தொகையன்று.

பூட்டிய வீடு

தோட்டத்தை விட்டு நகரத் தெருவுக்கு வருவோம். கண்டியிலும் சரி, யாழ்ப்பாணத்திலும் சரி, பூட்டிக் கிடக்கும் வீட்டின் கதை ஒன்றே. தகப்பனார் மரணசாதனம் எழுதாது காலமானார். பிள்ளைகள் ஐவர், ஒருவர் லண்டனில், ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் மெல்போர்னில். முதுசத்தை விற்க ஒருவருக்கு மனமில்லை. வைத்திருக்க ஒருவருக்கு வசதியில்லை. பங்கு பிரிக்க வழக்குப் போட்டால் அது பேரப் பிள்ளை காலத்தில் முடியும் என்பது ஊரறிந்த வேடிக்கை. சோலைவரி கட்டுவது யார் என்பதில் மாத்திரம் அனைவரும் ஒற்றுமை: மற்றவர் கட்டட்டும்!

வீடு சும்மா பூட்டிக் கிடப்பதில்லை. அடைபட்ட பீலியில் மழைநீர் தேங்கும். தேங்கிய நீரில் நுளம்பு பெருகும். 2017ஆம் ஆண்டு இலங்கையில் டெங்குக் காய்ச்சல் கண்டோர் ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரம் பேர். நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நுளம்பு பெருக இடம் கொடுப்போரைத் தண்டிக்க 2007ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடதாசியோடு வந்து படலையைத் தட்டுகிறார். உள்ளே ஆளில்லை. அயல் வீட்டுப் பிள்ளைக்கே காய்ச்சல்.

மாநகர சபைகளுக்கு வரிப் பாக்கிக்காகச் சொத்தைப் பறிமுதல் செய்து விற்கும் அதிகாரம் 1947ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தச் சபைகள் கூசுகின்றன. கூசுவதிலும் நியாயம் உண்டு. போரினால் ஓடிய ஒருவரைக் கைவிட்டவர் என்று சொல்லலாமா? பத்தாண்டு தடையின்றி ஆட்சி செய்தவருக்கு உரிமை பிறக்கும் என்ற ஆட்சியுரிமைச் சட்டம், இடம்பெயர்ந்தோரின் வளவை வந்தவர் கைக்கு மாற்றிவிடக்கூடும் என்ற அச்சம் வடக்கிலும் கிழக்கிலும் எழுந்தது. அதற்காகவே 2016இல் விசேட ஏற்பாட்டுச் சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரை உரிமையை நிலைநாட்ட இயலாதிருந்தோருக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடலாகாது என்று, உரிய தவணையில் வழக்கிடுவோருக்கு அது வழி செய்தது.

அச்சம் வீணன்று என்பதை அண்மை நிகழ்ச்சியொன்றும் காட்டிற்று. 2025 மார்ச் மாதத்து வர்த்தமானி அறிவித்தலொன்று, வட மாகாணத்தில் ஏறத்தாழ ஆறாயிரம் ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துள் கோர வேண்டும், இல்லையேல் அரசுக்குரியதாகும் என்றது. அகதி முகாம்களிலும் அந்நிய நாடுகளிலும் இருப்போர், சுனாமியிலும் ஷெல்லிலும் உறுதியை இழந்தோர், மூன்று மாதத்தில் எங்கே போவர்? எதிர்ப்பு மூண்டது, உயர் நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது. ஜூன் மாதத்தில் அது கைவிடப்பட்டது.

அப்படியாயின் பாழ் வளவைப் பாழாகவே விடுவதா? நமது எண்ணம் அதுவன்று. சொந்தக்காரரின் பெயரை அழியாமலே சொத்தைக் காக்கும் ஏற்பாடு இயலும். வீட்டைச் சபை குறித்த காலத்துக்குப் பொறுப்பேற்று, திருத்தி, வாடகைக்கு விட்டு, செலவையும் வரியையும் கழித்து மிகுதியைச் சொந்தக்காரர் பேரில் வைப்பிலிடலாம். அவர் வந்து கேட்டால், கணக்குத் தீர்த்து, சாவியைக் கொடுக்கலாம். மினசோட்டா மாதின் வழக்கில் நீதிமன்றம் சொன்ன நியாயமும் இதனோடு இசையும். காணியின் உரிமையையே பதிவு செய்யும் 1998ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்வழி 2007இல் தொடங்கிய 'பிம்சவிய' அளவையும் முற்றுப்பெற்றால் யார் சொந்தக்காரர் என்று தேடும் வேலை பாதியாகக் குறையும்.

கண்டி மாநகர சபையும் குண்டசாலைப் பிரதேச சபையும் ஒருங்கே அமர்ந்து ஒரு கணக்கேட்டைத் திறப்பதாக வைத்துக்கொள்வோம். முதற் பக்கத்தில் எழுதப்பட வேண்டியது எவருடைய முதுசமும் அன்று, அரசே வெறுமையாக்கிய இடங்கள்: போகம்பரை மதிலுக்குள் உள்ள நிலம், இடம் மாறிய காரியாலயங்களின் கட்டடங்கள், கூட்டுத்தாபனங்கள் கைவிட்ட தோட்டப் பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அங்கே இப்போது குடியிருப்போர் யார், எத்தனை தலைமுறை, எத்தனை பேர் என்ற பத்தி இருக்க வேண்டும். கொடுக்கும் ஒழுங்கும் முன்கூட்டியே அச்சிடப்பட வேண்டும்: குடியிருப்போர் முதலில், அடுத்து அயலவரும் காணியற்றோரும், பின்னர் பள்ளிக்கூடம், வைத்தியசாலை முதலிய பொதுத் தேவை, ஏலக்காரரின் மணி கடைசியில். ஆண்டுக்கொரு முறை அந்த ஏடு மூன்று மொழியிலும் பத்திரிகையில் வெளிவர வேண்டும், எந்தத் துண்டு எவருக்கு எவ்விலைக்குப் போயிற்று என்ற விவரத்தோடு.

தனியார் வீடுகளின் பக்கம் இரண்டாவதாக வரட்டும். அதற்கு முன் பூட்டிய வீட்டுக்காரர் வீட்டிலிருந்தே செய்யத்தக்கவை சில உண்டு. உறுதியின் பிரதியைக் காணிப் பதிவுக் கந்தோரில் எடுத்து வைப்பதும், ஐவரில் ஒருவருக்கேனும் அற்றோர்னித் தத்துவம் எழுதிக் கொடுப்பதும், சோலைவரிப் பற்றுச்சீட்டைத் தவறாது வாங்கிக் கோவைப்படுத்துவதும் ஒரு விடுமுறைக்குள் முடியும் காரியங்கள். அந்தப் பற்றுச்சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதையும் ஒருமுறை பாருங்கள். பல வீடுகளில் அது காலஞ்சென்ற பாட்டனார் பெயராகவே இருக்கிறது.